பூவராகன் டச் போன் வாங்கின கதை

முப்பத்தோரு வருடமாகப் பதிவாளர் ஆபீஸ் எதிரில் தகரக் கொட்டகை போட்டுப் பத்திரம் எழுதுகிறேன். பெயர் தேவானந்தம். ஆனால் ரைட்டர் என்று கேட்டால்தான் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். நிலத்தை விற்கிறவன் எப்படி முழிப்பான், வாங்குகிறவன் எப்படி நெஞ்சை நிமிர்த்துவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை, விரலில் பச்சைக் கல் மோதிரம். அவன் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆனால் மத்தியானம் பிரியாணி சாப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

ஊரப்பாக்கம் பூவராகன் அந்த ரகத்தில் ஒன்றாம் நம்பர். அவனுடைய அப்பா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். அவர் கண்ணை மூடின பிறகு பிள்ளை தன் பங்கை மனை போட்டு விற்றான். நாலே வருடத்தில் எல்லாம் தீர்ந்தது. மிச்சம் நின்றது முகப்பில் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டின ஒரு வீடும், இரண்டு சிங்கம் உட்கார்ந்த ஒரு கேட்டும்தான். தன் நிலம் தீர்ந்ததும் அடுத்தவன் நிலத்தை விற்கக் கிளம்பினான். கேட்டால் 'ரியல் எஸ்டேட்' என்பான். விசிட்டிங் கார்டு கூட அடித்து வைத்திருந்தான். அதில் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ.' என்று இருந்தது. எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவனுடைய முழு வியாபாரமும் ஒரு போனில் நடந்தது. தலையில் டார்ச் லைட் வைத்த, தூசி உள்ளே புகாத ரப்பர் பட்டன் போட்ட கறுப்பு போன். அப்போது ஆட்டோக்காரர் முதல் அர்ச்சகர் வரை எல்லார் கையிலும் அதுதான். மற்றவர்கள் அதில் பேசினார்கள். பூவராகன் அதை வைத்து நாடகம் போட்டான்.

அந்த நாடகத்தை நான் குறைந்தது நூறு தடவை பார்த்திருக்கிறேன். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் என் பெஞ்சில் எதிரெதிரே உட்கார வைப்பான். விலை ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது பூவராகன் சட்டைப் பைக்குள் கையை விடுவான், ஏதோ சில்லறை தேடுகிற மாதிரி. அந்த போனில் ஐந்தாம் பட்டன் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். கட்டை விரல் அதைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு நேர் மேலே இருக்கிற இரண்டை அழுத்திப் பிடிக்கும். கண் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். ஊரப்பாக்கத்தில் அவன் பெண்டாட்டி முத்தாலம்மாளின் போன் ஒரு தடவை அடித்து நின்றுவிடும். அந்தம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திருப்பிப் போன் செய்வாள்.

இங்கே மேசை மேல் போன் அலறும். திரையில் ஆங்கில எழுத்தில் 'பார்ட்டி' என்று மின்னும். கட்டின பெண்டாட்டியின் நம்பரை அந்தப் பெயரில்தான் அவன் பதிந்து வைத்திருந்தான். எதிரில் இருப்பவர் கண்ணில் படும்படி போனை லேசாகத் திருப்பி வைத்துவிட்டு, மூன்று தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பான்.

"சொல்லுங்க சார்... இல்ல சார், இங்க பேசிகினு கீறேன்... இன்னா சார், அவ்ளோ தர்றீங்களா? இப்பவே டோக்கன் அட்வான்ஸா? இருங்க சார், இவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

வாங்க வந்தவர் வெலவெலத்துப் போய் விலையை ஏற்றுவார். சில நாள் நாடகம் தலைகீழாக நடக்கும். "இன்னா சார், வேணாங்கறீங்க? வாக்கு குடுத்துட்டு இப்படிப் பின்வாங்கினா எப்படி சார்?" என்பான். விற்க வந்தவர் பயந்துபோய்க் கேட்ட விலைக்குத் தலையாட்டுவார். அந்தப் பழைய போனில் பேச்சு வெளியே ஒழுகும். பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்குக் காதில் விழும். "மோர் தீந்துபோச்சு, வரும்போது வாங்கியா" என்று முத்தாலம்மாள் சொல்வாள். "அந்த ரேட்டுக்கெல்லாம் முடியாது சார்" என்று இவன் பதில் சொல்வான். நான் குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொள்வேன். எனக்கு எழுத்துக் கூலி வந்தால் போதும் என்று இருந்தேன்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலில் 2009 ஆடி மாதம் தினகரன் வந்து மண்ணைப் போட்டான். தினகரனும் புரோக்கர்தான், வயதில் சின்னவன். புரோக்கர்கள் கூடுகிற டீக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. வந்து உட்கார்ந்ததும் அவரவர் போனை எடுத்து மேசை மேல் வைக்க வேண்டும். வைத்த போனைப் பார்த்துத்தான் அன்றைக்கு யாரை யார் 'அண்ணா' என்பது, யார் டீக்குக் காசு கொடுப்பது என்பதெல்லாம் முடிவாகும். அன்று தினகரன் பட்டனே இல்லாத ஒரு போனை எடுத்து வைத்தான். முழுக்கக் கண்ணாடி. விரலால் தள்ளினால் மனைப் படம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஊரப்பாக்கத்து மனைகளை வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி மேப்பில் காட்டினான். பூவராகன் தன் டார்ச் லைட் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இன்னாண்ணா, வெளிச்சம் பத்தலன்னா லைட் அடிக்கவா கொண்டாந்தீங்க?" என்று தினகரன் கேட்டானாம். இதை என்னிடம் வந்து சொல்லும்போது பூவராகனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது மனிதன்.

அடுத்த இரண்டு மாதம் மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் இருந்த ஒரு போன் கடைக்கு அவன் நடையாய் நடந்தான். பெண் பார்க்கப் போகிறவன் கூட அத்தனை தடவை போக மாட்டான். துணைக்கு என்னையும் இரண்டு மூன்று முறை இழுத்துக்கொண்டு போனான். எனக்கும் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும், போனேன்.

அங்கே சரிதா என்று ஒரு பெண். கடையில் உருப்படியாகப் பதில் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதலில் அவள் ஏ முதல் இசட் வரை எல்லா எழுத்தும் தனித்தனி பட்டனாக இருந்த ஒரு போனைக் காட்டினாள். பூவராகனின் கட்டை விரல் ஒரு அழுத்தில் நாலு எழுத்தை அடித்தது. "இது பொம்பளைங்க வைக்கிற போன்" என்று தள்ளி வைத்தான். அடுத்தது மேல் பாதியைத் தள்ளினால் கீழே பட்டன்கள் வருகிற வகை. ஒரு கால் மணி நேரம் அதைத் தள்ளித் தள்ளி மூடினான். "இது சீக்கிரம் பிச்சிக்கும்" என்றான். அந்தக் கால் மணி நேரத்தில் பாதி ஆயுளை அவனே தீர்த்திருப்பான். பிறகு எழுதுகிற குச்சி ஒன்று கூடவே வருகிற போன். குச்சி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டான். நகத்தால் அழுத்தலாம் என்றாள் சரிதா. "அப்ப குச்சி எதுக்குக் குடுக்குறான்?" என்று சண்டைக்குப் போனான்.

மெகாபிக்சல் எத்தனை என்று கேட்டான். மெகாபிக்சல் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. எத்தனை என்று மட்டும் கேட்கத் தெரியும். மெமரி கார்டு எத்தனை ஜிபி, பாட்டு எத்தனை பிடிக்கும், ப்ளூடூத்து உண்டா, மேப்பு வருமா, தினகரன் போனில் இருப்பதை விடத் திரை பெரிதா. கையில் ஒரு நூலைக் கொண்டுவந்து திரையை மூலைக்கு மூலை அளந்து பார்த்தான். மனை அளக்கிற புத்தி எங்கே போகும்? போனின் பெட்டி மேல் இருந்த நம்பரையெல்லாம் கூட்டி, ராசியில்லாத எட்டு வருகிறதா என்று பார்த்தான். எட்டு வந்தது ஒன்றுக்கு, அதை வேண்டாம் என்றான்.

கடைசியில் சரிதா பொறுமை போய் ஒரு கேள்வி கேட்டாள். அந்த இரண்டு மாதத்தில் அந்தக் கடைக்குள் யாரும் பேசின ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

"சார், நீங்க போன்ல அதிகமா என்ன பண்ணுவீங்க? அதைச் சொன்னா, அதுக்கேத்த மாதிரி எடுத்துக் குடுக்கறேன்."

பூவராகன் என்னைப் பார்த்தான். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். சட்டைப் பைக்குள் கண் பார்க்காமல் இரண்டை அழுத்தி, பெண்டாட்டிக்கு மணி அடிப்பேன், அதுதான் என் பிழைப்பு என்று அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் பட்டன் போனையே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருப்பாள். இவன் மோதிரத்தைத் திருகிவிட்டுக்கொண்டு, "பிசினஸ்" என்றான்.

"பிசினஸ்னா, மெயில் பாப்பீங்களா சார்?"

"எல்லாந்தான் பாப்பேன்."

அவள் பெருமூச்சு விட்டு, தினகரன் வைத்திருந்ததை விட அரை விரல் பெரிதாக இருந்த டச் போனை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பட்டன் கிடையாது. அதைக் கையில் வாங்கினதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கல்யாண மாலை விழுந்த அன்று கூட முத்தாலம்மாளை அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"பழைய போனைக் குடுங்க சார், நம்பர் எல்லாம் மாத்திக் குடுத்துடறேன்" என்று சரிதா கையை நீட்டினாள்.

பூவராகன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். உள்ளே 'பார்ட்டி' இருக்கிறதே. "அதெல்லாம் வேணாம். சிம்மை மட்டும் கழட்டி இதுல போடு" என்றான். "நம்பர் போன்லயும் சேவ் ஆகி இருக்கும் சார், சிம்ல மட்டும்தான்னு இல்ல" என்று அவள் சொன்னாள். "சிம்மு இல்லாத போன்ல இன்னா கீது? வெறும் டப்பா" என்று சிரித்தான். 'எனக்கே விவரம் சொல்கிறாயா' என்கிற சிரிப்பு. அவள் சிம்மைக் கழட்டிப் புதுப் போனில் போட்டுக் கொடுத்தாள்.

ராகுகாலம் கழித்து பில் போட்டான். நேராகத் திருநீர்மலைக்குப் போய், மலை ஏறி, பெட்டியோடு போனை அர்ச்சனைத் தட்டில் வைத்தான். அர்ச்சகர் அதன் மேல் துளசியைப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடியில் குங்குமம் வைக்க வேண்டும் என்று இவன் கேட்டு, பெருமாள் கோயிலில் அதெல்லாம் கிடையாது என்று அவர் கடிந்துகொண்டாராம். இறங்கி வந்து படிக்கட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கினான். வண்டிக்குச் செய்கிறதை போனுக்குச் செய்த ஆள் இந்த வட்டாரத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

மலை அடிவாரத்தில்தான் அவன் தங்கை கங்கையம்மாள் குடியிருந்தாள். அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் கணவர் நாலு வருடத்துக்கு முன் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துத் தனி ஆளாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்தது ஊரப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாதியை விற்றாள். விற்றுக் கொடுத்தது அண்ணன். மிச்சம் அரை கிரவுண்டு இருந்தது. இப்போது அவள் வாடகைக்கு இருந்த வீட்டையே விற்கப் போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். பதினாறு வருடம் இருந்தவள் என்பதால் தை மாதம் வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் காத்திருக்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். அரை கிரவுண்டு ஞாயமான விலைக்குப் போனால் அந்த வீடு அவளுக்கு. விலை குறைந்தால் நிலமும் போய், வீடும் போய், ஐம்பது வயதுக்கு மேல் சாமானைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வாடகைக்கு அலைய வேண்டியதுதான். மனையை விற்கிற பொறுப்பை அண்ணனிடம் விட்டிருந்தாள். யாரிடம் விடுவாள் வேறு?

போனுக்குப் பூஜை போட்ட கையோடு பூவராகன் தங்கை வீட்டுப் படியேறினான். புதிதைக் காட்டிப் பெருமை அடித்துவிட்டு, பழைய டார்ச் லைட் போனை அவள் கையில் வைத்தான். "கஷ்டப்பட்டுகினு கீற, அண்ணன் குடுக்குறேன், வச்சிக்கோ" என்றானாம். இந்த வள்ளல்தனத்தை மறுநாள் டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னான். கங்கையம்மாளுக்குச் சொந்தமாக போன் கிடையாது. அன்றைக்கே ஒரு சிம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள், பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தித் தானே பழகிக்கொண்டாள்.

மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் குடியிருந்து தண்ணீர் லாரிக்குக் காத்துக் காத்து வெறுத்துப்போன ஒரு சாஃப்ட்வேர்க்காரர் அந்த அரை கிரவுண்டைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவர் ஒத்துக்கொண்ட விலை எனக்குத் தெரியும். பூவராகனே என்னிடம் சொல்லிச் சிரித்தான். தங்கையிடம் சொன்ன விலை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அவள் சார்பில் விற்கிற பவரை அவளிடம் எழுதி வாங்கிக்கொள்வது, அதை வைத்து இவனே சாஃப்ட்வேர்க்காரருக்குப் பதிந்து கொடுப்பது, நடுவில் நிற்பதைத் தன் பையில் போட்டுக்கொள்வது. இதுதான் திட்டம். அந்தப் பவர் பத்திரத்தைத் தயார் செய்யச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தான். நானும் தயார் செய்தேன்.

ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை. பதினொரு மணிக்குத் தங்கை வருவாள், அவள் இழுத்தடித்தால் நாடகத்துக்கு ஒரு போன் வர வேண்டும். புது போனைப் பைக்குள் வைத்து அழுத்த முடியாது என்பது நாலு நாள் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. முதல் தடவை முயன்றபோது போன் பைக்குள்ளிருந்தே அவன் தொப்புளைப் படம் எடுத்ததாம். அதனால் மூளையைக் கசக்கி ஒரு ஏற்பாடு செய்திருந்தான். "பதினோரு மணிக்குக் கரெக்டா போன் பண்ணு" என்று முத்தாலம்மாளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

முத்தாலம்மாள் பதினொரு மணிக்கு, ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லாமல், போன் செய்தாள். கங்கையம்மாள் ஏறின பஸ் பல்லாவரத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. என் கொட்டகையில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். "யாருமே வரல, இப்ப இன்னாத்துக்குப் பண்ற? வைய்யி போனை!" என்று கத்தினான். அவள் வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்குக் கங்கையம்மாள் வந்தாள். மஞ்சள் பையில் தாய்ப்பத்திரமும் பட்டாவும் கொண்டு வந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டியதைக் கேட்டாள். பேனாவைக் கையில் வாங்கினாள். வாங்கினவள் கையெழுத்துப் போடாமல் அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, பார்ட்டிகிட்ட இன்னும் கொஞ்சம் சேத்துக் கேளேன். இந்த வெலைக்கு வீடு வராதுண்ணா. தை மாசம் போச்சின்னா வீட்டு ஓனரு வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. எனக்கு அந்த வீட்டை விட்டா போக்கு இல்ல."

"நான் கேக்காமயா இருப்பேன்? அவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இன்னிக்குக் கையெழுத்துப் போடலன்னா வேற மனை பாத்துக்கறேன்னு சொல்றாரு. இரு, இப்ப அவரே போன் பண்ணுவாரு, நீயே பாரு."

இதைச் சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பழக்க தோஷம். கட்டை விரல் அந்த மேட்டைத் தேடியது. கண்ணாடியில் ஏது மேடு? பைக்குள் ஏதோ டிங் டிங் என்று அடித்தது, பிறகு எங்கிருந்தோ அரை வரி குத்துப்பாட்டு கிளம்பியது. அவசரமாக வெளியே எடுத்து நிறுத்தினான். பிறகு, "உள்ள டவர் இல்ல" என்று வாசலுக்குப் போனான். ஐப்பசி வெயில் மழைக்கு முன்னால் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வேட்டியைத் தூக்கிப் போனுக்கு நிழல் பிடித்துக்கொண்டு, பதிவாளர் ஆபீஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, குனிந்து நகத்தால் சுரண்டினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நூற்றுக்கணக்கான பேரைக் கண்ணசைக்காமல் ஏய்த்தவன், ஒரு போன் போடத் தெரியாமல் தெருவில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தான்.

கங்கையம்மாளுக்கு அண்ணன் படுகிற பாடு பொறுக்கவில்லை. அவளுக்கு அண்ணன் மேல் பாசம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மடியிலிருந்து அந்த டார்ச் லைட் போனை எடுத்தாள்.

"அண்ணா, இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டப்படற? நீ குடுத்த போன்ல அவரு நம்பரு அப்படியேதான் கீது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன், பார்ட்டின்னு போட்டுக்கீது. நானே அவராண்ட பேசறேன். ஒரு பொம்பள கெஞ்சிக் கேட்டா எறங்கி வர மாட்டாரா?"

அவன் வெயிலிலிருந்து கொட்டகைக்குள் ஓடி வந்தான். "வேணாம், வேணாம் கங்கை, பெரிய மனுசன், கோவப்படுவாரு" என்று கையை நீட்டினான். அதற்குள் அவள் பட்டனை அழுத்திக் காதில் வைத்துவிட்டாள். எழுந்து நின்றாள். பெரிய மனிதரிடம் பேசும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வணக்கம் சார், நான் பூவராகன் தங்கச்சி பேசறேன்..."

அந்தப் போனில் பேச்சு வெளியே ஒழுகும் என்று சொன்னேன் அல்லவா? எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது.

"யாரு, கங்கையா? இன்னாடி புது நம்பரா கீது? நல்லா கீறியா?"

கங்கையம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். "அண்ணி?"

"நான்தான். கொழம்பு கொதிச்சிகினு கீது, சீக்கிரம் சொல்லு. உங்கண்ணன் பக்கத்துல கீறாரா? பதினோரு மணிக்குப் பண்ணச் சொன்னாரு, பண்ணா கத்துறாரு. இன்னொரு தபா பார்ட்டி மாதிரி பண்ணணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு."

முத்தாலம்மாள் பாவம், அன்றைக்கு எதிரில் உட்காரப் போகிறவள் யார் என்று இவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கங்கையம்மாள் அண்ணனைப் பார்க்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தாள்.

"அண்ணி, எங்க வூட்டுக்காரு ஆஸ்பத்திரில கெடக்கும்போது, இதே எடத்துல அண்ணனுக்கு ஒரு போன் வந்துச்சி. பார்ட்டி வேணாங்கறாரு, கெஞ்சிகினு கீறேன்னு அண்ணன் சொன்னாரு. மறுநாளு ஊசிக்குப் பணம் கட்டணும்னு நான் அவங்க கேட்ட வெலைக்குக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் நீங்கதானா?"

அந்தப் பக்கம் குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பூவராகன் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "கங்கை, உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான். அந்த நேரத்தில் அவன் கையிலிருந்த டச் போன் தன் பாட்டுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டது. அவன் பேச்சை நிறுத்திவிட்டு அதை வேட்டியில் துடைத்தான். தங்கை முகத்தைப் பார்க்கத் துப்பில்லாமல், கண்ணாடியில் பட்ட விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டு நின்றான். என் ஆயுளில் அத்தனை கேவலமான ஒரு மனிதனைப் பார்த்ததில்லை என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

கங்கையம்மாள் தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் மஞ்சள் பையில் வைத்தாள். பேனாவை மூடி என் மேசை மேல் வைத்தாள். பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ரைட்டர் சார், அன்னிக்குப் பத்திரம் எழுதினதும் நீங்கதானே. உங்களுக்கும் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் கையில் இருந்த அந்தப் போனைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. தெரியும் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. மேசை மேல் இருந்த தாள்களை அடுக்கினேன். அவள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

விலாசத்தை யாரிடம் கேட்டு வாங்கினாளோ, மேடவாக்கத்து சாஃப்ட்வேர்க்காரரை அவளே தேடிப் போய்ப் பார்த்தாள். நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டினாளாம். கார்த்திகை மாதம் அவர் தன் காரிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பத்திரம் பதிந்தார். முழு விலை. தை பிறப்பதற்குள் திருநீர்மலை வீட்டின் பத்திரமும் முடிந்தது.

பூவராகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. இன்றைக்கும் டீக்கடையில் அந்த டச் போனை மேசை மேல் வைக்கிறான். சட்டைப் பையில் இன்னொரு போனும் வைத்திருக்கிறான், ரப்பர் பட்டன் போட்டது. அதைப் புதிதாக வாங்கினான். வாங்கும்போது சரிதா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

மனை, வீடு என்று அந்த இரண்டு பத்திரத்தையும் கங்கையம்மாள் என்னிடம் எழுதக் கொடுக்கவில்லை. என் கொட்டகைக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து பத்திரம் எழுதுகிற சுவிசேஷமுத்துவிடம் கொடுத்தாள். அவன் சத்தமாகப் படித்துக் காட்டுகிற பழக்கம் உள்ளவன். வடக்கே தெரு, கிழக்கே இன்னார் வீடு என்று நாலு எல்லையும் எனக்குக் கேட்டது. வீட்டுப் பத்திரம் பதிந்த அன்று அவள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். பியூனுக்குக் கொடுத்தாள், ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கொடுத்தாள், சுவிசேஷமுத்துவுக்கு இரண்டு கொடுத்தாள். நான் பேனாவை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் டப்பாவை மூடி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, என் கொட்டகையைத் தாண்டிப் போய் பஸ் ஏறினாள்.